வேன் தொட்டி ஒழுகுகிறதா? வாசகர் கேள்வி – பதில்

நீலகிரியில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை. கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பாட்டிலுக்குப் பசுமை வரி. அதனால் மலையேறும் கேம்பர் வேன்களில், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வேன்களில், தண்ணீர்த் தொட்டிதான் ஆதாரம். அது ஒழுகினால் பயணமே நின்றுவிடும். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொட்டிக் கசிவைப் பற்றியே கேட்டிருந்ததால், இந்தப் பகுதியை முழுதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: டெம்போ டிராவலரை கேம்பர் வேனாக மாற்றி வைத்திருக்கிறோம். பெஞ்சுக்கு அடியில் 100 லிட்டர் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி. கீழ் மூலையில் ஏழு சென்டிமீட்டர் நீளத்துக்கு விரிசல். எபாக்சி பசை வைத்தோம், பி.வி.சி. பைப் ஒட்டும் பசையும் தடவினோம். மேட்டுப்பாளையம் போய்த் திரும்பினால் பிய்ந்து வந்துவிடுகிறது. நிரந்தரமாகச் சரிசெய்ய என்ன வழி? – குன்னூர் வாசகர்

பதில்: குறை உங்கள் கைவேலையில் இல்லை. இந்த வகைத் தொட்டிகள் பெரும்பாலும் பாலிஎத்திலீனில் வார்க்கப்படுகின்றன. மெழுகுபோல வழுவழுப்பான பொருள் அது. வழக்கமான எந்தப் பசையும் அதை நனைத்துப் பிடித்துக்கொள்ளாது. பி.வி.சி. பசை வேலை செய்வது பி.வி.சி.யைச் சற்றுக் கரைத்து இணைப்பதால்தான். பாலிஎத்திலீன் அந்தக் கரைப்பானில் கரையாது, ஆகவே அது மேலே தடவிய சாயம்போல நிற்கும். சிலிக்கானும் அப்படியே. எபாக்சி காய்ந்து கல்லாகிவிடும். தொட்டிச் சுவரோ தண்ணீர் நிரம்பும்போது உப்பி, காலியாகும்போது அமுங்கும். இரண்டும் சேர்ந்து அசையாததால் ஓரத்திலிருந்து உரியத் தொடங்குகிறது. உருக்கி இணைப்பது, அதாவது பிளாஸ்டிக் வெல்டிங் ஒன்றே நிலைக்கும் வழி.

அதற்கு முன் தொட்டி எந்தப் பிளாஸ்டிக் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடியில் முக்கோணக் குறிக்குள் 2 அல்லது 4 இருந்தால் பாலிஎத்திலீன், 5 இருந்தால் பாலிபுரோப்பிலீன், 3 இருந்தால் பி.வி.சி. குறி இல்லையென்றால் மூடி விளிம்பிலிருந்து பிளேடால் ஒரு சிறு சீவல் எடுத்து, ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மேலே வந்தால் முதல் இரண்டில் ஒன்று. மூழ்கிக் கிடந்தால் பி.வி.சி. போன்ற வேறு வகை. மிதக்கிறது என்றால் நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். தடம் எளிதில் பதிந்தால் பாலிஎத்திலீன். கடைசியாக, சூடான சால்டரிங் அயர்ன் முனையைத் தொட்டியின் ஓர் ஓரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மெழுகுபோல உருகி ஓடினால் வெல்டிங் ஆகும். உருகாமல் ரப்பர்போலக் குழைந்து நின்றால் அது குறுக்குப் பிணைப்பு செய்த (மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, மறுபடி உருகாத) வகை, அதை வெல்டிங் செய்யவே முடியாது. அத்தகைய தொட்டியை மாற்றத்தான் வேண்டும்.

பம்பர் வெல்டிங் செய்யும் பட்டறைகள் கோவையிலும் மேட்டுப்பாளையத்திலும் உண்டு. அங்கே கொடுத்தால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வெல்டிங்குக்கு உருக்கி ஊற்றும் பிளாஸ்டிக் கம்பி எந்த வகை? கார் பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் கலவை. அந்தக் கம்பியைப் பாலிஎத்திலீன் தொட்டியில் உருக்கினால் பார்வைக்கு ஒட்டியதுபோல இருக்கும். ஆறிய பிறகு ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் நூல்போலக் கழன்று வரும். பாலிஎத்திலீன் கம்பி கிடைக்காவிட்டால் அதே வகைப் பழைய தொட்டியிலிருந்து நான்கைந்து மில்லிமீட்டர் அகலத்தில் நாடாவாக வெட்டிக்கொள்ளலாம். உங்கள் தொட்டியின் கழுத்து விளிம்பில் மிச்சப் பொருள் இருந்தால் அதைவிடப் பொருத்தம் வேறில்லை.

இனி வேலை. தொட்டியை வேனிலிருந்து கழற்றி வெளியே எடுங்கள். வேனுக்குள் கேஸ் சிலிண்டர் இருக்கும். உருகும் பிளாஸ்டிக்கின் புகையும் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். வெல்டிங்குக்குச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் 1,500 முதல் 2,000 வாட் இழுக்கும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதை ஓட்ட வேண்டுமானால் 125 ஆம்பியருக்கு மேல் வேண்டும், வேன் இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் அதற்குத் தாங்காது. வீட்டு மின்சாரத்திலேயே செய்யுங்கள்.

விரிசலின் இரண்டு முனைகளிலும் 3 மில்லிமீட்டர் டிரில்லால் துளை போடுவது முதல் வேலை. கண்ணுக்குத் தெரியும் முனைக்கு அப்பாலும் மயிரிழையாக விரிசல் ஓடியிருக்கும், எனவே நாலைந்து மில்லிமீட்டர் தள்ளியே துளையுங்கள். துளை இல்லாவிட்டால் வெல்டிங் முடிந்தபின்னும் விரிசல் பக்கத்தில் வளரும். பிறகு விரிசல் நெடுக கத்தியால் ‘வி’ வடிவத்தில் பள்ளம் எடுங்கள், சுவர்க் கனத்தில் முக்கால் பங்கு ஆழம் வரை. பள்ளத்தின் இரு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல்தோலைச் சீவி எடுப்பதில் சோம்பல் கூடாது. வெயிலும் காற்றும் பட்டு மேற்பரப்பு கெட்டுப்போயிருக்கும், அந்தத் தோல் உருகிக் கலக்காது. உப்புத்தாள் தேய்ப்பதைவிடப் பிளேடால் சுரண்டுவதே நல்லது. தாளின் தூள் பள்ளத்தில் தங்கிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து அன்றே வெல்டிங் செய்துவிட வேண்டும். பழைய எபாக்சியும் பசையும் பள்ளத்தில் ஓர் இம்மியும் இருக்கக் கூடாது.

மலையில் இந்த வேலை பெரும்பாலும் ஈரத்தால்தான் கெடுகிறது. குன்னூர் மூடுபனியில் தொட்டி வெளியே காய்ந்தாலும் விரிசலுக்குள் நீர் நிற்கும். சூடு பட்டதும் அது ஆவியாகி வெல்டிங்குக்குள் குமிழ் கட்டும், பிறகு அந்தக் குமிழ்களே கசியும் வழியாகும். ஒரு நாள் வீட்டுக்குள் வைத்து, மூடியைத் திறந்து, ஹேர் டிரையரால் உள்ளே வெதுவெதுப்பான காற்றைச் செலுத்திக் காய வையுங்கள். காற்று வீசும் திறந்த இடத்தில் வெல்டிங் வேண்டாம். குளிர்காற்று பட்டால் மேலே இறுகி, அடியில் ஒட்டாமல் போகும்.

பாலிஎத்திலீன் 120 முதல் 135 டிகிரிக்குள் உருகும். ஆனால் ஹீட் கன் மூக்கிலிருந்து வரும் காற்று 270 முதல் 300 டிகிரி வரை இருக்க வேண்டும். டிகிரி காட்டாத கன் என்றால் முதலில் கழிவுத் துண்டில் பழகுங்கள். மேற்பரப்பு பளபளவென்று கண்ணாடிபோல் ஆனால் சூடு சரி. மஞ்சளாகி, புகை வந்தால் அதிகம். கருகிய பிளாஸ்டிக்குக்குப் பலம் கிடையாது. சிறு மூக்கு மாட்டிக்கொண்டு, கம்பியின் நுனியையும் பள்ளத்தையும் ஒரே நேரத்தில் சூடாக்கி, கம்பியைச் செங்குத்தாகப் பிடித்து அழுத்திக்கொண்டே நகருங்கள். நிமிடத்துக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் வேகம் போதும். கம்பியின் இரு ஓரத்திலும் மெல்லிய உருகல் கோடு பிதுங்கி வந்தால் கலந்துவிட்டது என்று அர்த்தம். கம்பி மட்டும் உருகி, தொட்டி உருகாமல் இருப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. ஆகவே தொட்டிச் சுவருக்கு அதிகச் சூடும் கம்பிக்குக் குறைந்த சூடும் கொடுங்கள். தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

மூலையில் விரிசல் என்பதால் ஒரு வரிசை வெல்டிங் போதாது. கை நுழையும் வாய் இருந்தால் உள்பக்கமும் ஒரு வரிசை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அதே பிளாஸ்டிக்கில், விரிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் நான்கு சென்டிமீட்டர் வருமாறு ஒரு ஒட்டுத்துண்டு வெட்டி, அதன் முனைகளை வட்டமாக்கி, மூலைக்கு ஏற்றபடி சூடாக்கி வளைத்து, சுற்றிலும் வெல்டிங் செய்யுங்கள். மூன்று அடுக்குத் தொட்டியாக இருந்தால் நடு அடுக்கு நுரைப் பிளாஸ்டிக். அதில் வெல்டிங் நிற்காது. உள் அடுக்கில்தான் பிடிப்பு வேண்டும்.

இவ்வளவும் செய்து, காரணத்தை விட்டுவிட்டால் அடுத்த மழைக்குள் பக்கத்தில் பிளக்கும். கீழ் மூலை சும்மா விரியாது. 100 லிட்டர் என்றால் 100 கிலோ; தொட்டி இரண்டு இரும்புச் சட்டங்களின் மேல் மட்டும் உட்கார்ந்திருந்தால் நடுப்பகுதி நாளடைவில் தொய்ந்து, மூலைகள் முழு இழுவையையும் தாங்குகின்றன. மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு பிரேக்குக்கும் அந்த 100 கிலோ முன்னும் பின்னும் மோதும். பாதி நிரம்பிய தொட்டியில் அலை இன்னும் மோசம். அடி முழுதும் தாங்கும்படி 12 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டு, ஸ்குரூத் தலைகளை உள்ளே அழுத்தி, மேலே 3 முதல் 5 மில்லிமீட்டர் ரப்பர் ஷீட் விரியுங்கள். கட்டும் பட்டைகளைத் தொட்டி நிரம்பியிருக்கும்போது இறுக்க வேண்டும். காலியாக இருக்கையில் இறுக்கினால், தண்ணீர் நிரம்பி உப்பும்போது பட்டை சுவரில் வெட்டும். சுற்றிலும் 10 மில்லிமீட்டர் இடைவெளியும் விடுங்கள், ஏன் என்று நிப்பிள் பற்றிய பதிலில் வருகிறது.

கேள்வி: கொடைக்கானலில் இருக்கும்போது வேன் தரை உலர்ந்தே இருக்கிறது. வத்தலக்குண்டு இறங்கியதும் தொட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது. எங்கே தேடியும் விரிசல் தெரியவில்லை. – பெருமாள்மலை வாசகி

பதில்: தொட்டி ஒழுகாமலும் இருக்கலாம் அம்மா. இரவெல்லாம் குளிர்ந்த தண்ணீர் நிறைந்த தொட்டியோடு சமவெளியின் சூடான, ஈரமான காற்றுக்குள் இறங்குகிறீர்கள். தொட்டிச் சுவரில் நீர் வியர்க்கிறது. 100 லிட்டர் தண்ணீர் சூடேற நேரமாகும் என்பதால் வியர்ப்பதும் மணிக்கணக்கில் தொடரும்.

கண்டுபிடிக்கக் கோலமாவு போதும். தொட்டியின் வெளிப்புறத்தை நன்கு துடைத்து, காய்ந்ததும் மெல்லிய துணியில் மாவைக் கட்டித் தட்டித் தட்டித் தூவுங்கள். தொட்டி முழுக்க, தண்ணீர் மட்டம் வரை ஒரே சீராக ஈரமானால் வியர்வை. ஒரு புள்ளியில் தொடங்கிக் கீழ்நோக்கிக் கோடாக இறங்கினால் கசிவு, அந்தக் கோட்டின் மேல்முனைதான் துளை.

இன்னொரு சோதனை பம்ப் வழியாக. எல்லாக் குழாயும் மூடியிருக்கையில் 12 வோல்ட் பம்ப் அவ்வப்போது தானாக ஓரிரு நொடி ஓடி நிற்கிறதா? அப்படியானால் கசிவு பெரும்பாலும் பம்புக்குப் பிறகான பைப்பில், குழாயில், அல்லது ஹீட்டர் இணைப்பில் இருக்கும். தொட்டி ஒழுகினால் பம்புக்கு அது தெரியாது. பம்ப் அமைதியாக இருந்து தண்ணீர் மட்டம் மட்டும் இறங்கினால் தொட்டியையும் பம்புக்குப் போகும் பைப்பையும் பாருங்கள். கம்ப்ரஸர் காற்றை அடைத்துச் சோதிக்க எந்தப் பட்டறையிலும் சம்மதிக்காதீர்கள். இந்தத் தொட்டிகள் அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல, வெடித்தால் காயம் பலமாக இருக்கும். எல்லா வாயையும் அடைத்து, ஒரு ஓஸ் வழியாக வாயால் ஊதி, மூட்டுகளில் சோப்பு நுரை தடவினாலே குமிழ் காட்டிக்கொடுக்கும்.

வியர்வைதான் என்று தெரிந்தால் தொட்டியைச் சுற்றி 10 மில்லிமீட்டர் நுரை ஷீட் ஒட்டினால் பெருமளவு அடங்கும்.

கேள்வி: தொட்டியில் பைப் மாட்டும் நிப்பிள் ஓரத்தில் சொட்டுகிறது. எவ்வளவு இறுக்கினாலும், எத்தனை சுற்று டெஃப்ளான் டேப் சுற்றினாலும் நிற்கவில்லை. – கோத்தகிரி வாசகர்

பதில்: இறுக்குவதை உடனே நிறுத்துங்கள். தொட்டி நிப்பிளில் தண்ணீரை அடைப்பது மரை அல்ல, ரப்பர் வாஷர். நிப்பிளின் அகன்ற தலை தொட்டியின் உள்பக்கம் இருக்க வேண்டும். ரப்பர் வாஷர் அந்தத் தலைக்கும் உள்சுவருக்கும் நடுவில். வெளிப்பக்கம் நட்டுக்கு அடியில் வழுக்கும் பிளாஸ்டிக் வாஷர் போதும். பலரும் ரப்பரை வெளியே நட்டுக்கு அடியில் மட்டும் போடுகிறார்கள். அப்போது தண்ணீர் மரையின் சுழலைப் பிடித்துக்கொண்டே வெளியே வரும், நட்டைத் திருகும்போது ரப்பரும் முறுக்கிப் பிதுங்கும். எத்தனை டேப் சுற்றினாலும் அது நிற்காது. தொட்டிச் சுவரைப் பிடிக்கும் அந்த மரைக்கு டேப்பே தேவையில்லை.

துளையின் ஓரத்தில் பிசிறு இருந்தால் பிளேடால் வழித்துவிடுங்கள். வளைந்த இடத்தில் நிப்பிள் உட்காராது, தட்டையான இடம் வேண்டும். கையால் இறுகும் வரை திருகி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று. வாஷர் தட்டையாகி ஓரம் வெளியே தெரிந்தால் புதிது போடுங்கள். குடிநீர் என்பதால் ஈ.பி.டி.எம். ரப்பர் கேட்டு வாங்குங்கள். டியூப் ரப்பரை வெட்டிப் போட்டால் தண்ணீரில் நாற்றம் வரும்.

டெஃப்ளான் டேப், நிப்பிளோடு சேரும் வால்வின் மரைக்கு. ஐந்து சுற்று, மரை ஏறும் திசையில். பித்தளை வால்வைப் பிளாஸ்டிக் நிப்பிளுக்குள் திருகும்போது பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் டேப்பே ஆப்பாக மாறி நிப்பிளைப் பிளந்துவிடும்.

புது வாஷரும் ஓரிரு மாதத்தில் சொட்டினால் பைப்பைப் பாருங்கள். பாலிஎத்திலீன் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி மாற்றத்துக்கு 0.15 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை நீளும், சுருங்கும். மேட்டுப்பாளையத்தின் 35 டிகிரியிலிருந்து உதகை இரவின் 5 டிகிரிக்குப் போனால் ஒரு மீட்டர் தொட்டி நான்கரை முதல் ஆறு மில்லிமீட்டர் வரை சுருங்கும். வேன் சுவரில் கிளாம்ப் போட்ட ஜி.ஐ. அல்லது சி.பி.வி.சி. பைப் அந்த அளவுக்கு நகராது, எனவே நிப்பிள்தான் இழுபடும். தொட்டியை ஒட்டி 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு நெளியும் ஓஸ் வைத்து, இரு முனையிலும் துருப்பிடிக்காத கிளிப் போடுங்கள். சுற்றிலும் இடைவெளி வேண்டும் என்று மேலே சொன்னதும் இதற்காகத்தான்.

கேள்வி: ஊட்டியிலிருந்து இறங்கி வந்ததும் தொட்டியின் பக்கச் சுவர் உள்ளே குழிந்திருந்தது. மடிப்பில் வெள்ளையாக ஒரு கோடு. என்ன ஆனது? – கல்லாறு வாசகர்

பதில்: தொட்டியின் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் ஏறக்குறைய 77 கிலோபாஸ்கல்; மேட்டுப்பாளையத்தில் 97க்குச் சற்று மேல். மேலே மூடிய காலித் தொட்டியைக் கீழே கொண்டுவந்தால் ஒரு சதுர அடிக்கு 190 கிலோ அளவுக்கு வெளிக்காற்று அமுக்கும். முக்கால்வாசி காலியான தொட்டி இதில் அதிகம் அடிபடும். காற்றுக்குழாய் அடைபட்ட தொட்டியில் அழுத்தத்தோடு ஓஸ் போட்டு நிரப்பினால் நேர்மாறாக உப்பித் தையல் பிரியும்.

குழாயின் வெளிமுனையைப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருப்பது சகஜம். 10 முதல் 12 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள ஓஸ், தொட்டியின் மேல்புறத்திலிருந்து உயரமாக ஒரு வளைவு போய், முனை கீழ்நோக்கி, நுண்ணிய எஃகு வலையோடு முடிய வேண்டும். குழிந்த சுவரை நிமிர்த்த மூடியைத் திறந்து வைத்து 50, 60 டிகிரி வெந்நீர் நிரப்புங்கள், தானே வெளியே வரும். வெள்ளைக் கோடு பிளாஸ்டிக் அளவுக்கு மீறி இழுபட்ட இடம். இப்போது ஒழுகாவிட்டாலும் பிளக்கப் போவது அங்கேதான், முதல் பதிலில் சொன்னபடி அதன்மேல் ஒட்டுத்துண்டு வைத்துவிடுங்கள்.

கேள்வி: அவலாஞ்சி மாதிரி கடையில்லாத இடத்தில் தொட்டி ஓட்டையானால்? – உதகை வாசகர்

பதில்: தட்டையான சுவரில் கல் குத்திய ஓட்டை என்றால் 6 மில்லிமீட்டர் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட், இரண்டு ரப்பர் வாஷர், இரண்டு அகன்ற எஸ்.எஸ். வாஷர், ஒரு நட். உள்ளே கை நுழைய வேண்டும். ஓட்டையை 6 மில்லிமீட்டருக்கு வட்டமாக்கி, உள்ளும் புறமும் ரப்பர் வைத்து இறுக்கினால் ஒட்டாத பிளாஸ்டிக்கிலும் நிற்கும், ஆண்டுக்கணக்கில்கூட. விரிசலுக்கு இது உதவாது. அதற்குத் தண்ணீர் மட்டத்தை விரிசலுக்குக் கீழே இறக்கி, துடைத்துக் காயவைத்து, பியூட்டைல் டேப்பை (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) அழுத்தி ஒட்டி, மேலே பட்டையால் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேருங்கள். அந்த டேப்பை உரித்தபின் பிசுபிசுப்பை முழுதும் எடுக்காமல் வெல்டிங் செய்ய முடியாது. வடிக்கும் தண்ணீரை ஓடையில் விடாமல் பாத்திரங்களில் பிடித்துக்கொள்ளுங்கள், அதுவே அன்றிரவு குடிநீர்.

கேள்வி: டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் நிறுத்துகிறோம். உறைபனியில் தொட்டி வெடிக்குமா? – கூடலூர் வாசகர்

பதில்: 100 லிட்டர் ஓரிரவில் உறையாது, விளிம்பு வரை நிரப்பாமல் இருந்தால் சரி. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது 9 சதவீதம் விரியும் என்பதால் முதலில் உடைவது பம்புக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் வடிகட்டிக் கிண்ணம், அடுத்து வெளியே தெரியும் வால்வுகள். படுக்கும் முன் பம்பை அணைத்து, குழாய்களைத் திறந்து, கிண்ணத்தைக் கழற்றிக் காலி செய்துவிடுங்கள்.

கேள்வி: வெல்டிங் செய்த தொட்டியில் பிளாஸ்டிக் வாசனை வருகிறது. குடிக்கலாமா? – பண்ணைக்காடு வாசகி

பதில்: முதலில் உள்ளே கிடக்கும் சீவல்களை முழுதும் எடுங்கள், பம்பின் வால்வில் சிக்குவது அதுதான். பின் இரண்டு முறை நிரப்பி வடியுங்கள். 100 லிட்டருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு, 33 சதவீதக் குளோரின் உள்ள புதிய பவுடராக இருந்தால். ஒரு பக்கெட்டில் கரைத்துத் தெளிய வைத்து, தெளிவான நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாசம் வரும் வரை பம்பை ஓட்டி, இரவு முழுதும் விட்டு வடித்துவிடுங்கள். குளோரின் வாசம் போகும் வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். வினிகரோ எலுமிச்சையோ இதோடு கலக்கக் கூடாது. நச்சு வாயு வரும். இதற்குப் பிறகும் கருகல் வாசனை போகவில்லை என்றால் வெல்டிங்கில் எங்கோ பிளாஸ்டிக் கருகியிருக்கிறது. மஞ்சளும் பழுப்புமான அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்து, குறைந்த சூட்டில் மறுபடி ஒரு வரிசை ஓட்ட வேண்டும். அதுவரை அந்தத் தண்ணீர் பாத்திரம் கழுவ மட்டும் இருக்கட்டும்.